குளத்து நீர்மட்ட ரேடாருக்கு எந்தப் பலகை, எவ்வளவு காசு?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்கிறேன், சரிதானா என்று பாருங்கள். கிளிநொச்சியில் நண்பர்களோடு சேர்ந்து குளத்து நீர்மட்டம் பார்க்கும் கருவி ஒன்று செய்கிறீர்கள். துருசுக்கு, அதாவது மதகுக்கு, மேலே நின்று தண்ணீரைப் பார்க்க 24 கிகாஹேர்ட்ஸ் ரேடார், அளந்ததைத் தூரத்துக்கு அனுப்ப லோரா என்ற 923 மெகாஹேர்ட்ஸ் வானொலி மொடியூல். இரண்டையும் 50க்கு 80 மில்லிமீற்றர் மின்சுற்றுப் பலகை ஒன்றிலேயே வரைந்திருக்கிறீர்கள். பத்துப் பலகைக்கு விலை கேட்டால் எஃப்ஆர்-4 என்ற வழக்கமான தாளில் ஒரு தொகை, ரோஜர்ஸ் 4350பி என்ற உயர் அதிர்வெண் தாளில் அதைப்போல ஏழு மடங்கு. "ஏமாற்றுகிறார்களா, இல்லை உண்மையிலேயே இது தேவையா?" என்று கேட்கிறீர்கள். கடைசியில், சோல்டர் மாஸ்க், அதாவது செப்பை மூடும் வண்ணப் பூச்சு, கறுப்பா பச்சையா என்றும் ஒரு வரி.

ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஏழு மடங்கைக் கொடுக்கவும் வேண்டாம். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். நான் பல வருடங்கள் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு ஆர்எஃப் (வானொலி அதிர்வெண்) பலகை வரைந்தவன், இப்போது வவுனியாவில் இருக்கிறேன். என் கைப்பழக்கம் பெரும்பாலும் 30 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழேதான். அதற்கு மேலே நான் சொல்பவற்றைப் படித்துத் தெரிந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்ஆர்-4 என்பது ஒரு பொருளின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தீப்பிடிக்கும் தன்மையை வைத்துக் கொடுத்த தர வகுப்பு. கண்ணாடி நூல் துணியில் எப்பொக்சி பிசின் ஊற்றி அழுத்தியது, நெருப்பு வைத்தால் தானாக அணைய வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பெயர் தரும் உத்தரவாதம். மின்னுழைய மாறிலி, அதாவது தாளுக்குள் அலை எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைத் தீர்மானிக்கும், டேட்டாஷீட்டில் டிகே என்று போட்டிருக்கும் எண், எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. பிசின் கூடினால் டிகே குறையும், கண்ணாடி கூடினால் ஏறும். 4.2உம் எஃப்ஆர்-4தான், 4.6உம் எஃப்ஆர்-4தான். இந்த மாதம் ஒரு கொம்பனியின் தாள், அடுத்த மாதம் இன்னொன்றின் தாள் என்று தொழிற்சாலை மாற்றிக்கொண்டே போகலாம், ஒப்பந்தத்தை மீறியதாகாது. இழப்பைக் காட்டும் டிஎஃப் என்ற எண் சாதாரண எஃப்ஆர்-4இல் 0.02 அளவில் இருக்கும். ரோஜர்ஸ் 4350பியில் 10 கிகாஹேர்ட்ஸில் அது 0.0037. டிகேயும் 3.48, கூடக்குறைய 0.05 என்று தாள் செய்கிறவரே எழுதித் தருகிறார். நீங்கள் காசு கொடுப்பது இந்த இரண்டுக்கும்தான்: இழப்புக் குறைவு, எண் மாறாது என்ற வாக்கு. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

இனி உங்கள் பலகைக்கு வருவோம். மைக்ரோஸ்ட்ரிப் கோட்டில், அதாவது பலகையின் மேல் முகத்தில் சிக்னலைக் கொண்டுபோகும் செப்புக் கோட்டில், தாளின் மின்னுழையத்தால் வரும் இழப்பைக் கையாலேயே கணக்கிடலாம். 91ஐ கிகாஹேர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் பெருக்கி, டிஎஃப்பால் பெருக்கி, பயனுறு டிகேயின் (தாளும் காற்றும் சேர்ந்து அலை உணரும் டிகே) வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஒரு மீற்றருக்கு எத்தனை டெசிபெல் என்று வரும். புலத்தில் கொஞ்சம் காற்றிலும் ஓடுவதால் அதில் பத்து வீதம் கழித்துக்கொள்ளுங்கள். 923 மெகாஹேர்ட்ஸில் எஃப்ஆர்-4க்கு இது ஒரு சென்ரிமீற்றருக்கு 0.03 டெசிபெல் கூட வராது. உங்கள் வரைபடத்தில் லோரா மொடியூலிலிருந்து அன்ரனா இணைப்பி வரை இரண்டு சென்ரிமீற்றர்தான். ஆக 0.06 டெசிபெல். அன்ரனாவைக் கொஞ்சம் சரித்துப் பூட்டினாலே அதைவிடக் கூடப் போய்விடும். லோரா பக்கத்துக்கு ரோஜர்ஸ் வாங்குவது வீண் செலவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

24 கிகாஹேர்ட்ஸில் கதை வேறு. அதே கணக்கு எஃப்ஆர்-4இல் சென்ரிமீற்றருக்கு 0.7 டெசிபெல் தருகிறது, 4350பியில் 0.13 அளவு. உங்கள் பட்ச் அன்ரனா (பலகையிலேயே வரையும் செவ்வகச் செப்புத் துண்டு) வரிசைக்குப் போகும் கோடு நாலு சென்ரிமீற்றர் என்று பார்த்தேன். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் சேர்த்தால் இரண்டு பொருளுக்கும் இடையில் நாலரை டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். ரோஜர்ஸில் கிடைக்கும் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் எஃப்ஆர்-4இல் மிஞ்சும். இது செப்பின் இழப்பைச் சேர்க்காத கணக்கு.

இருந்தாலும், இந்த இழப்பைக் காட்டி மட்டும் உங்களை ரோஜர்ஸ் பக்கம் தள்ள நான் விரும்பவில்லை. அமைதியான தண்ணீர் ரேடாருக்குக் கண்ணாடி மாதிரி, நேர் கீழே பார்த்தால் திரும்பி வரும் சிக்னல் தாராளம். பத்து மீற்றர் உயரத்திலிருந்து பார்க்க நாலு டெசிபெல் போனாலும் கருவி குருடாகாது. எஃப்ஆர்-4 உங்களைக் கவிழ்ப்பது வேறு இடத்தில். பட்ச் அன்ரனாவின் அதிர்வெண் டிகேயின் வர்க்கமூலத்துக்கு எதிர்மாறாகப் போகும். 4.2க்கும் 4.6க்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று தெரியாத பொருளில் வரைந்தால், 24 கிகாஹேர்ட்ஸில் ஒரு கிகாஹேர்ட்ஸ் அளவு இடம் தவறலாம். உங்களுக்கு உள்ள பட்டையோ 24.0 முதல் 24.25 வரை, வெறும் 250 மெகாஹேர்ட்ஸ். அன்ரனா வேறெங்கோ ஒத்திசைந்துகொண்டு நிற்கும், நீங்கள் மென்பொருளில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். 4350பியில் அதே கணக்கு 170 மெகாஹேர்ட்ஸ் அளவு நகர்வைத் தரும், மெல்லிய பலகையின் பட்ச் அதைத் தாங்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 4350பியின் டேட்டாஷீட்டில் டிகே இரண்டு இடத்தில் வரும். 3.48 என்பது தாளை இறுக்கிப் பிடித்துச் சோதிக்கும் முறையில், தரக்கட்டுப்பாட்டுக்காக அளப்பது. வரைவதற்கு என்று 3.66 தனியாகக் கொடுத்திருப்பார்கள். சிமுலேஷனில் 3.48ஐப் போட்டால் அதிர்வெண் இரண்டரை வீதம் தவறும். விலை உயர்ந்த தாளை வாங்கிவிட்டு எஃப்ஆர்-4இன் பாதித் தொல்லையை நீங்களே வருவித்துக்கொண்டதாக முடியும். நீங்கள் அனுப்பிய கோப்பில் 3.48தான் இருக்கிறது. மாற்றுங்கள்.

இன்னொன்று, செப்பைக் கரைக்கும் துல்லியம். 24 கிகாஹேர்ட்ஸில் 4350பி மீது ஒரு பட்ச் ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர் நீளம். தொழிற்சாலை அதை 0.05 மில்லிமீற்றர் கூடவோ குறையவோ கரைத்துவிட்டால் அதுவே ஒன்றரை வீதம், 370 மெகாஹேர்ட்ஸ். அதாவது தாளின் டிகே பிசகுவதைவிட இது இரட்டிப்புக்கு மேல். கோட்டு அகலத்துக்கு இருபது வீதம் கூடக்குறைய என்று போடும் மலிவு விலைத் தொழிற்சாலையில் ரோஜர்ஸ் தாள் கொடுத்து அச்சடிப்பதில் அர்த்தமில்லை. விலை கேட்கும்போது தாளின் பெயரோடு, முடிந்த செப்பு வடிவத்தின் சகிப்பளவு (கூடக்குறையப் போகக்கூடிய அளவு) என்ன என்றும் கேளுங்கள். செப்பு 18 மைக்ரோன் போதும். தடிப்பு கூடினால் ஓரம் சரிவாகக் கரையும்.

மேற்பூச்சையும் இதோடு சொல்லிவிடுகிறேன். தங்க முலாம் என்று போடுவது உண்மையில் நிக்கலுக்கு மேல் மெல்லிய தங்கம். 24 கிகாஹேர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் தோலில் அரை மைக்ரோனுக்குக் கொஞ்சம் கீழான ஆழத்தில்தான் ஓடும், அதுவும் ஓரங்களில் நெரிந்துகொண்டு ஓடும். அங்கே நிக்கல் இருந்தால் இழப்பு ஏறும். வெள்ளிப் பூச்சு நல்லது, ஆனால் நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் கறுத்துவிடும். பொதி பிரித்தவுடன் சோல்டர் பண்ணிப் பெட்டியில் அடைக்க முடியுமென்றால் வெள்ளி. மேசையில் ஒரு மாதம் கிடக்கும் என்றால் தங்கமே போகட்டும், இழப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஏழு மடங்கு எங்கிருந்து வருகிறது? தாளின் விலை கூடுதல்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பத்துப் பலகை மாதிரியான சின்ன ஓடரில் தாளின் விலை முழுக் கதையல்ல. எஃப்ஆர்-4 ஓடர் வந்தால் தொழிற்சாலை அதைப் பலருடைய பலகைகளோடு ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும். படலம், துளை, முலாம், சோதனை எல்லாவற்றின் செலவும் இருபது முப்பது பேருக்குப் பகிரப்படும். 10 மில் (கால் மில்லிமீற்றர்) தடிப்பில் 4350பி கேட்கிறவர் அன்றைக்கு நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். முழுத் தாளும் உங்களுக்காக வெட்டப்பட்டு, உங்களுக்காகவே லைனில் ஓடும். மூலையில் பத்துப் பலகை இருந்தாலும் மிச்சம் குப்பைக்குப் போகும், விலை உங்கள் தலையில் விழும். பத்து என்று கேட்டதற்குப் பதிலாக இருபத்தைந்து என்று கேட்டுப் பாருங்கள். தொகை கொஞ்சம்தான் ஏறும், சில இடங்களில் ஏறாமலே இருக்கும். 12க்கு 18 அங்குலத் தாளில் ஓரம் விட்டால் உங்கள் அளவுப் பலகை இருபத்தைந்து பிடிக்கும் என்பது என் கணக்கு. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஓரம் மாறும், ஆகவே அவர்களின் வேலைத் தாளின் அளவைக் கேட்டு வாங்கி நீங்களே அடுக்கிப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, பலகையை இரண்டாகப் பிரிப்பது. ரேடார் சிப், அதன் அன்ரனா, பக்கத்தில் நிற்க வேண்டிய சில கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்), இவ்வளவும் 30க்கு 30 மில்லிமீற்றரில் அடங்கும். மின்சாரம், மைக்ரோகன்ட்ரோலர், லோரா, சூரியப் பலகையின் சார்ஜர் எல்லாம் எஃப்ஆர்-4 தாய்ப்பலகையில் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் ஊசி இணைப்பியில் போவது மின்வழங்கலும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கப்பட்ட சிக்னலும்தான், அதற்கு எந்த இணைப்பியும் போதும். 30க்கு 30 என்றால் அதே 12க்கு 18 தாளில் நூறு துண்டு வரும். நூறும் உங்களுக்கு இப்போது வேண்டாம், ஆனால் பத்துப் பெரிய பலகைக்குச் சொன்ன காசில் பல வருடத்துக்கான துண்டுகள் கையில் இருக்கும். அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளங்களுக்கும் பிறகு செய்யப் போகிறீர்கள் என்றால் அதே துண்டுதான்.

மேலே ரோஜர்ஸ், கீழே எஃப்ஆர்-4 என்று நாலு அடுக்கில் ஒட்டிய பலகையைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பார்கள். ஆயிரக்கணக்கில் செய்பவருக்கு அது சரி. உங்கள் அளவில் ஒட்டும் வேலையின் கூலி தாளில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும், இரண்டு பக்கமும் ஒரே பொருள் இல்லாததால் பலகை வளையவும் கூடும். டெஃப்லான் வகைத் தாள்களையும் விட்டுவிடுங்கள். 5880 போன்றவற்றின் இழப்பு மிகக் குறைவு, 10 கிகாஹேர்ட்ஸில் 0.0009. ஆனால் மென்மையான பொருள், துளைக்கு முலாம் ஏற்ற முன்பு தனிப் பதப்படுத்தல் வேண்டும், அதைச் செய்யும் தொழிற்சாலையும் குறைவு, விலையும் இன்னும் ஏறும். 4003சி கேட்டால் அது 4350பியின் உடன்பிறப்பு, இழப்பு இன்னும் கொஞ்சம் குறைவு. ஆனால் தீத்தடுப்புச் சான்று அதற்குக் கிடையாது. விற்கப் போகும் பொருள் என்றால் 4350பியே இருக்கட்டும்.

விலைக்கூறலில் "ரோஜர்ஸ் அல்லது அதற்குச் சமமானது" என்று ஒரு வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். சமமானது என்பது மோசமானது என்று அர்த்தமில்லை. சீனத் தாள்களில் நல்லவை உண்டு. ஆனால் அதன் டிகே வேறாக இருக்கும், உங்கள் வரைபடம் அதற்குப் பொருந்தாது. எந்தத் தாள், எந்தத் தடிப்பு என்று பெயர் சொல்லி உறுதி வாங்குங்கள், தாள் செய்தவரின் சான்றிதழும் தொகுதி எண்ணும் கேளுங்கள். பொதி வந்ததும் ஓரத்தைப் பாருங்கள். 4350பி பால் கலந்த வெள்ளை, வெளிச்சத்தில் பிடித்தால் எஃப்ஆர்-4 போல மஞ்சள் பச்சையாக ஊடுருவித் தெரியாது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் 4350பி அல்ல. அதற்குத்தான் அந்த நூறு துண்டில் இரண்டு மூன்று இடத்தை ஒதுக்கி, 24 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு வளைய ஒத்திசைவியை, அதாவது தனக்குரிய அதிர்வெண்ணில் ஒத்திசையும் செப்பு வளையத்தை, வரைந்து வையுங்கள். அதை அளக்க, 3 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவைக் கருவி ஒன்று போதும். 10 மில் 4350பி என்றால் 2.35 கிகாஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில் உச்சம் தெரிய வேண்டும். ஒளிவேகத்தை அந்த அதிர்வெண்ணாலும் வளையத்தின் சுற்றளவாலும் வகுத்து வர்க்கம் எடுத்தால் பயனுறு டிகே கையில். 24 கிகாஹேர்ட்ஸில் அளக்கும் கருவி நமக்கு எட்டாத விலை, ஆனால் தாள் மாறிப்போனதா என்று கண்டுபிடிக்க இந்தச் சின்ன வளையமே காணும்.

விலை பற்றி நான் சொன்னதில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். பகிர்ந்த தாள், தனித் தாள் என்ற காரணம் உறுதி. எத்தனை மடங்கு என்பது மாதத்துக்கு மாதம், டொலருக்கு டொலர் மாறும், ஆகவே என் எண்ணையோ வேறு யாருடைய எண்ணையோ நம்பாமல் குறைந்தது மூன்று இடத்தில், ஒரே கோப்புக்கு, இரண்டு எண்ணிக்கையில் விலை கேளுங்கள். அதற்கு மேல் கூரியர், கொழும்பில் சுங்கம், 18 வீத வற் வரி, கூரியர் கொம்பனியின் கையாளும் கட்டணம் எல்லாம் வரும். வற் பலகையின் விலைக்கு மட்டுமல்ல, கூரியர் செலவையும் சேர்த்த தொகைக்கு. வெற்றுப் பலகை சுங்கத்தில் 8534 என்ற தலைப்பில் வரும், விலைச்சீட்டில் அந்த எண்ணைப் போடச் சொன்னால் விளக்கம் கேட்டு இழுபடுவது குறையும். வானொலி மொடியூல் இருக்கும் பொதி வேறு விடயம், அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்பார்கள். இரண்டையும் ஒரே பொதியில் போட வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று கேட்கிறேன்: 24இல் நீங்களே அன்ரனா வரையத்தான் வேண்டுமா? 250 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் ரேடாரின் தூரப் பிரிதிறன், அதாவது இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காண அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டிய தூரம், 60 சென்ரிமீற்றர். ஒரே தண்ணீர்ப் பரப்பு என்பதால் திரும்பும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) பார்த்து அதைவிட நுணுக்கமாக அளக்கலாம்தான், ஆனால் துருசின் இரும்பு ஏணியும் கொங்கிறீற்றுச் சுவரும் அந்த 60 சென்ரிமீற்றருக்குள் வந்து கலக்கும். 60 கிகாஹேர்ட்ஸ் சிப்களில் சில அன்ரனாவைத் தம் உறைக்குள்ளேயே வைத்து வருகின்றன. பட்டை ஐந்து கிகாஹேர்ட்ஸ் அளவு, பிரிதிறன் மூன்று சென்ரிமீற்றர். உயர் அதிர்வெண் எதுவும் பலகையில் ஓடாததால் முழுப் பலகையும் எஃப்ஆர்-4 போதும், ஏழு மடங்கு என்ற கேள்வியே எழாது. காலபோக மழைக்கு முன் கருவி துருசில் ஏற வேண்டும், சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று காட்ட வேண்டும் என்பது உங்கள் நோக்கமென்றால் நான் இந்த வழியைத்தான் எடுப்பேன். ஆர்எஃப் படிப்பதே நோக்கமென்றால் 24ஐயே வரையுங்கள், பிரித்த பலகையில்.

எந்த வழி என்றாலும் பெட்டியை மறக்க வேண்டாம். தாளுக்கு இத்தனை கணக்குப் பார்த்தவர்கள் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீற்றர் சுவருள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அதை வைத்து மூடுவார்கள். 24 கிகாஹேர்ட்ஸில் ஏபிஎஸ் பிளாஸ்ரிக்குக்கு அது ஏறக்குறைய கால் அலைநீளம், இருப்பதிலேயே கூடாத தடிப்பு. சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு சுவரிலேயே தெறித்துத் திரும்பும், அதில் ஒரு பகுதி வாங்கும் அன்ரனாவுக்குள் வரும். 3.7 மில்லிமீற்றர் அளவு என்றால் அரை அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத மாதிரிக் கடந்துவிடும். கீழ்நோக்கிப் பார்க்கும் முகத்தில் மட்டும் அந்தத் தடிப்பில் ஒரு தகட்டை வெட்டிப் பூட்டுங்கள். கார்த்திகை மழையில் அந்த முகத்தில் நீர்ப்படலம் நிற்காதபடி கொஞ்சம் கூரை நீட்டுங்கள். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு உள்ளே குடும்பம் நடத்தும். எஃப்ஆர்-4 ஈரம் குடிக்கும் பொருள், வெட்டிய ஓரத்தால் கூடக் குடிக்கும். மழைக்காலத்தில் சோல்டர் பண்ணுவதென்றால் 110 பாகையில் சில மணி நேரம் சூடாக்கி எடுத்துவிட்டுப் பண்ணுங்கள்.

சோல்டர் மாஸ்க் எந்த நிறமும் போடலாம். பச்சை மலிவு, சீக்கிரம் வரும், பிழையைத் தேட வெளிச்சத்தில் கோடும் தெரியும். ஆனால் 24 கிகாஹேர்ட்ஸ் கோட்டின் மேலும் பட்ச்சின் மேலும் மாஸ்க் வேண்டாம். அதன் டிகேயும் இழப்பும் யாரும் உறுதி தராத எண்கள், தடிப்பும் இடத்துக்கிடம் மாறும். கோப்பில் அந்தப் பகுதியைத் திறந்து விட்டு, சிப்பின் கால்களைச் சுற்றி மட்டும் ஈயம் ஓடிப் பரவாதபடி ஒரு மெல்லிய அணை போல விடுங்கள்.